கட்டை விரலை எடுங்க: சால்சாவில் ஏழு மாதம்

சால்சா என்ற ஜோடி நடன வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. வாரம் இரண்டு நாள், மந்தைவெளியில் ஒரு மாடி ஹால். வயது 41. சின்ன வயதில் நாலு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டவன், தாளமெல்லாம் நமக்குக் கைவசம் என்ற திமிரோடுதான் போனேன்.

முதல் நாளே சறுக்கல். எண்ணுவதென்னவோ ஆதி தாளம் மாதிரி எட்டுதான், ஆனால் கால் வைப்பது ஆறுக்குத்தான். ஒன்று, இரண்டு, மூன்று வைத்துவிட்டு நான்கில் நிற்க வேண்டும். ஐந்து, ஆறு, ஏழு வைத்துவிட்டு எட்டில் நிற்க வேண்டும். லீடர் (ஜோடியில் வழிநடத்துபவர்) ஒன்றில் இடது காலை முன்னால் வைக்கும்போது ஃபாலோயர் (அவரைப் பின்பற்றி ஆடுபவர்) வலது காலைப் பின்னால் வைப்பார். எல்லாம் புரிந்தது, அந்த நான்கில் மட்டும் நிற்க முடியவில்லை. விரல் விட்டு எண்ணிப் பழகியவனுக்கு ஓர் அட்சரத்தைச் சும்மா விட மனசு வருமா?

இரண்டு வாரம் கழித்து, வீட்டில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு சால்சா பாட்டில் கோங்காவை (கையால் வாசிக்கும் உயரமான தோல் வாத்தியம்) மட்டும் கவனித்தேன். இரண்டிலும் ஆறிலும் பட்டென்று ஓர் அறை. நான்கிலும் எட்டிலும் ‘தொம்தொம்’ என்று இரட்டையாக, தோலைத் திறந்து விட்ட அடி. நான் தவித்துக்கொண்டு நின்ற அதே இடம்! அன்றிலிருந்து நான்கு வந்தால் கோங்காக்காரர் வாசிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். (எங்கள் வகுப்பு ஆன் ஒன், அதாவது ஒன்றிலும் ஐந்திலும் திசை மாறும். நியூயார்க்கில் நடன ஆசிரியர் எடி டோரஸ் பரப்பிய ஆன் டூ முறையில் இரண்டிலும் ஆறிலும்தான் திசை மாறும். மிருதங்கக்காரனுக்கு அதுதான் ஒத்துவரும் என்று தோன்றுகிறது. இப்போதைக்கு அந்தப் பக்கம் போவதாக இல்லை.)

மூன்றாம் மாதம் கிராஸ் பாடி லீட். முதல் மூன்று எண்ணிக்கையில் லீடர் இடது பக்கம் திரும்பி வழியை விட்டு விலக வேண்டும். அடுத்த மூன்றில் ஃபாலோயர் அந்த வழியே நடந்து மறுபக்கம் போவார். பஸ் படியில் நிற்பவர் ஒருக்களித்து நின்றால் உள்ளே இருப்பவர் தானாக இறங்கிவிடுவார் இல்லையா, அவ்வளவுதான் விஷயம். நான் படியிலேயே நின்றுகொண்டு அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

“சார், கட்டை விரலை எடுங்க. மணிக்கட்டு வலிக்குது,” என்றார் அன்று ஜோடியாக ஆடிய பெண்.

அப்போதுதான் பார்த்தேன். சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடிப்பது போல அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். விரல்களைக் கொக்கி போல வளைத்துக் கொடுத்தால் போதும், அதில் அவர் விரல்கள் தொற்றிக்கொள்ளும். சுழலும்போது அவர் கை நம் விரலுக்குள் உருள வேண்டும். கட்டை விரல் மேலே அழுத்தினால் கை பூட்டிக்கொள்ளும், சுழற்சி முழுக்க அவர் தோளில் இறங்கும்.

சொன்னால் புரிகிறது, கை கேட்க வேண்டுமே. துண்டைச் சன்னல் கம்பியில் கோத்து, இரண்டு முனையையும் விரலில் மாட்டிக்கொண்டு பேசிக் ஸ்டெப் போட்டேன். உடம்பு பின்னால் போகும்போது துண்டு லேசாக விறைக்க வேண்டும், வெடுக்கென்று இழுபடக் கூடாது. முழங்கை உடம்புக்குப் பின்னால் போய்விட்டால் காரியம் கெட்டது. குக்கர் விசில் வரும்வரை தினமும் இதே வேலை. “ஏண்டா, சன்னலோட என்னடா சண்டை?” என்று அம்மா கேட்டார்.

ஐந்தாம் மாதம் வகுப்பில் ஆண்கள் அதிகமாகிவிட்டார்கள். மாஸ்டர் கேட்டதால் மூன்று வாரம் ஃபாலோயராக ஆடினேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் லீடராக ஐந்து மாதத்தில் தெரியாதது முதல் அரை மணியில் தெரிந்தது. ரைட் டர்னுக்கு (ஃபாலோயர் வலப்பக்கமாக ஒரு சுற்று) நான் ஐந்தில் சுழல வேண்டுமென்றால் என் கை மூன்றிலேயே மேலே போகத் தொடங்கியிருக்க வேண்டும். எதிரே இருந்த பையன் ஐந்தில் தூக்கினான். என் கால் அதற்குள் வேறெங்கோ போய்விட்டது. இத்தனை நாள் நானும் ஐந்தில்தான் தூக்கிக்கொண்டிருந்தேன்! ஜோடிகள் எல்லாரும் ஊகித்து ஊகித்தே சுழன்றிருக்கிறார்கள், பாவம்.

நானும் யோக்கியம் இல்லை. அடுத்து என்ன வரும் என்று தெரியும் என்பதால், அவன் கை கொடுப்பதற்கு முன்பே சுழன்றுவிட்டேன். “அண்ணா, நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே,” என்றான்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் சோல் ஷூ தரையைப் பிடித்துக்கொள்கிறது. கால் நிற்க, உடம்பு திரும்ப, முழங்கால் வலி பத்து நாள். இப்போது தோல் அடிப்பாகம் வைத்த பழைய ஆபீஸ் ஷூதான். சென்னை வியர்வைக்கு ஒரு துண்டு, மாற்றிக்கொள்ள இரண்டு டீ-ஷர்ட். இது ஜோடிக்குச் செய்யும் மரியாதை.

இன்றைய நிலவரம்: பேசிக், ரைட் டர்ன், கிராஸ் பாடி லீட், அதிலேயே ஃபாலோயர் இடப்பக்கமாகச் சுழலும் ஒரு இன்சைட் டர்ன். போன சனிக்கிழமை சோஷியலில் (பாடம் இல்லாமல் எல்லாரும் சேர்ந்து ஆடும் கூட்டம்) முதல் மூன்று பாட்டுக்கும் சேர்த்துக் கட்டை விரல் இரண்டு முறைதான் இறங்கியது. நான்காவது பாட்டு நிமிடத்துக்கு இருநூறு அடிக்கும் மேலே ஓடியது. கற்றதெல்லாம் பறந்துவிட்டது, வெறும் பேசிக்கும் இரண்டு ரைட் டர்னும்தான். கட்டை விரலை எண்ண நேரமில்லை.