பூட்டை எதில் மாட்டுகிறோம்: பயண டிரெய்லரின் பேட்டரியும் மற்றப் பொருட்களும்

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடான பயண டிரெய்லரை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கதவைப் பூட்டி, சன்னல்களை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். திருட வருகிறவருக்கோ கதவைத் திறக்க வேண்டிய தேவையே பல நேரங்களில் இருப்பதில்லை. வண்டியின் முன்னால், இழுவைக் கொக்கிக்குப் பின்னே முக்கோணமாக விரியும் இரும்புச் சட்டத்தின் மேல் பேட்டரி, கேஸ் சிலிண்டர்கள், மின் ஜாக்கி ஆகியவை வெட்டவெளியில் இருக்கின்றன. பின் பம்பரில் ஸ்டெப்னி தொங்குகிறது. பக்கவாட்டுப் பெட்டிகளில் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் கருவிகளும் ஒரு சிறிய பூட்டை நம்பிக் கிடக்கின்றன. இவற்றைக் காப்பது பற்றி என் டிரெய்லரில் செய்து பார்த்ததிலிருந்தும், மற்றவர்களின் வண்டிகளைக் கவனித்ததிலிருந்தும் எனக்குத் தெளிவானவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பேட்டரி. ஈய-அமில பேட்டரி எவ்வளவு பழையதானாலும், உள்ளே இருக்கும் ஈயத்துக்காகவே பழைய உலோகம் வாங்குகிறவர்களிடம் விலைபோகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியாக இருந்தால் திருடுகிறவரின் வேலை இன்னும் எளிது. 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈய-அமில பேட்டரி ஏறத்தாழ 25 முதல் 30 கிலோ எடையிருக்கும். அதே கொள்ளளவில் லித்தியம் பேட்டரி 10 முதல் 14 கிலோவுக்குள் அடங்கிவிடும், விலையும் அதற்குத்தான் அதிகம். இப்படிப்பட்ட பொருளைப் பெரும்பாலான டிரெய்லர்களில் பிடித்து வைத்திருப்பது ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் அதன்மேல் இறுக்கிய ஒரு நைலான் பட்டையும் மட்டுமே. அந்தப் பட்டை சாலைக் குலுக்கலில் பேட்டரி நகராமல் இருப்பதற்காக அமைக்கப்பட்டது. மனிதக் கைக்கு அது ஒரு தடையே இல்லை. ஒரு கத்தியும் கம்பி வெட்டும் கருவியும் கொண்டு வருகிறவர் ஸ்பேனரை எடுத்து நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருக்க மாட்டார். பட்டையையும் கம்பிகளையும் வெட்டி எறிந்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போவார்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இதில் இருக்கிறது. மின் பிரேக் உள்ள டிரெய்லர்களில் பிரேக்அவே சுவிட்ச் என்ற பாதுகாப்பு அமைப்பு உண்டு. ஓடும்போது டிரெய்லர் இழுவை வண்டியிலிருந்து கழன்றுகொண்டால், ஒரு மெல்லிய வடம் அந்தச் சுவிட்சின் ஊசியை இழுத்துவிட, டிரெய்லரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்து சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும். அதற்கெனத் தனியாகச் சிறு பேட்டரி வைக்கப்படாத வண்டிகளில், முன்சட்டத்திலுள்ள பேட்டரி போய்விட்டால் இந்தப் பாதுகாப்பும் அதோடு போய்விடுகிறது. பேட்டரி திருடுபோன டிரெய்லரை "பக்கத்து ஊர்தானே" என்று அப்படியே இழுத்துச் செல்வது எவ்வளவு குறுகிய தூரமானாலும் சரியல்ல.

இனி பூட்டுகளுக்கு வருவோம். பூட்டு வாங்கப் போகிறவர்கள் அதன் உருக்கின் தடிமனையும் உறையில் அச்சிட்ட பாதுகாப்பு எண்ணையும் பார்க்கிறார்களே தவிர, அது எந்தப் பொருளில் மாட்டப்படப் போகிறது என்பதைப் பார்ப்பதில்லை. பிளாஸ்டிக் பேட்டரிப் பெட்டியின் மூடிக்கு மேலே குறுக்காகச் சங்கிலி சுற்றி உயர்ந்த தரப் பூட்டு போட்டிருப்பதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். பெட்டி நெகிழும், கத்திக்கு அறுபடும், அது உட்கார்ந்திருக்கும் தட்டு இரண்டு சிறு திருகுகளால் மட்டுமே சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். அத்தகைய அமைப்பில் எத்தனை கிலோ உருக்கைத் தொங்கவிட்டாலும் பயன் பெரிதாக இராது. பூட்டு, பூட்டு மாட்டும் காது, காதைப் பிடிக்கும் போல்ட், போல்ட் ஏறும் இரும்புச் சட்டம் என்ற வரிசையில் எது மிகவும் மெலிந்ததோ அதையே திருடுகிறவர் தேடிக் கண்டுபிடிப்பார். ஆகவே நான் எப்போதும் சட்டத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் பார்க்கிறேன்.

நடைமுறையில் இரண்டு வழிகள் நன்றாக வேலை செய்கின்றன. ஒன்று, பேட்டரியின் தலைக்குமேல் குறுக்காகச் செல்லும் தடித்த உருக்குப் பட்டையை, அடித்தட்டிலிருந்து எழும்பும் இரண்டு தண்டுகளில் பொருத்தி, ஒரு முனையில் பூட்டுப் போடுவது. அடித்தட்டு சட்டத்தில் வெல்டிங் செய்யப்பட்டோ கனமான போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டோ இருக்க வேண்டும். மற்றொன்று, முழு உருக்குப் பெட்டி. பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளின் தலை பெட்டிக்கு உள்ளே இருக்க வேண்டும், கீழே தெரியும் நட்டுகளைச் சாதாரண ஸ்பேனரால் திருக முடியாதபடி செய்ய வேண்டும். இறுக்கியதும் தலை முறிந்து விழுந்துவிடும் வகை நட்டுகள் இதற்கு ஏற்றவை. பெட்டியை நாம் அடிக்கடி கழற்றப் போவதில்லை என்பதால் அவற்றின் நிரந்தரத்தன்மை தொல்லையாக இராது. நடுவில் ஊசி வைத்த நட்சத்திரத் தலைத் திருகுகளைப் பாதுகாப்புத் திருகுகள் என்று விற்கிறார்கள். அவற்றைத் திறக்கும் முனைகள் பல கருவித் தொகுப்புகளிலும் கிடைப்பதால் நான் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

இரும்பைப் பேட்டரிக்கு அருகே கொண்டுவரும்போது வேறு இரண்டு ஆபத்துகள் கூடவே வருகின்றன என்பதைத் திருட்டுப் பயத்தில் மறந்துவிடக் கூடாது. உருக்குப் பட்டையோ சங்கிலியோ இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொட்டுவிட்டால், அல்லது சட்டத்தோடு இணைந்த பட்டை நேர்முனையைத் தொட்டுவிட்டால், பல நூறு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு நொடியில் பாய்ந்து உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சிவிடும். முனைகளுக்கு ரப்பர் மூடிகளும், பட்டையின் அடிப்பக்கத்துக்குத் தடித்த ரப்பர் உறையும் கட்டாயம் வேண்டும். மற்றொன்று வாயு. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறுகிறது. காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றக்கூடியது. ஹைட்ரஜன் மேலெழும் வாயு என்பதால் உருக்குப் பெட்டியின் மேற்பகுதியில் காற்றுத் துளைகள் இருந்தே ஆக வேண்டும். கை நுழையாத அளவுக்குச் சிறிய துளைகளை நிறைய வைத்தால் காற்றும் போகும், கருவியும் நுழையாது.

முன்சட்டத்திலிருந்து பேட்டரியை முழுவதுமாக எடுத்துவிடுவது இவை அனைத்தையும்விடச் சிறந்த வழி என்பது என் கருத்து. கண்ணில் படாத பொருளை யாரும் தேடி வருவதில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இயல்பான பயன்பாட்டில் ஹைட்ரஜனை வெளியிடுவதில்லை என்பதால், டிரெய்லருக்குள் இருக்கைக்கு அடியிலோ முன்புறச் சாமான் அறையிலோ அதை வைத்துவிடலாம். 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும் என்பதால் உள்ளே இருப்பது குளிர்காலத்திலும் அதற்கு நல்லது. இடம் மாற்றும்போது கம்பியின் நீளம் கூடும். அதற்கேற்பத் தடித்த கம்பி போட வேண்டும், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் ஃபியூஸ் வைக்க வேண்டும், பிரேக்அவே சுவிட்சின் இணைப்பு அறுபடாமல் தொடர்கிறதா என்று சோதிக்க வேண்டும். அமிலம் ததும்பும் சாதாரண ஈய பேட்டரியை மட்டும் படுக்கும் இடத்துக்குள் கொண்டுவரக் கூடாது. வெளியே காற்றுப் போக்கி வைத்து அடைத்த பெட்டி இருந்தாலன்றி அது வெளியிலேயே இருக்கட்டும்.

மாதக்கணக்கில் டிரெய்லரை நிறுத்தி வைக்கும் காலத்தில் ஈய பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, குறைந்த மின்னோட்டத்தில் தானே சார்ஜைப் பேணும் கருவியில் போட்டு வைப்பதுதான் என் வழக்கம். முழுதும் சார்ஜ் ஏறிய ஈய-அமில பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும். சார்ஜ் இறங்கிப்போனது நீரின் உறைநிலைக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்து வெடிப்பு விட்டுவிடும். ஆக, இந்த ஒரு வேலை திருட்டுக்கும் குளிருக்கும் சேர்த்தே பயன்படுகிறது. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது நேர்முனையை முதலிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். கழற்றுவதற்கு முன் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று படம் எடுத்துக்கொள்வது பின்னாளில் தலைவலியைக் குறைக்கும்.

கேஸ் சிலிண்டர்களைப் பொறுத்தவரை, இரண்டு சிலிண்டர்களையும் நடுவிலுள்ள தண்டில் ஒரு தகடு அழுத்திப் பிடிக்க, அந்தத் தகட்டைக் கையால் திருகும் ஒரு நட்டு பிடித்திருக்கும். அந்த நட்டுக்கு மேல் பூட்டு மாட்டும் அமைப்புகள் கிடைக்கின்றன, அதுவே போதுமானது. வால்வைத் திருக முடியாதபடி எதையும் பூட்டக் கூடாது, ஏனெனில் கசிவோ தீயோ ஏற்பட்டால் சாவி தேடாமல் அதை மூட முடிய வேண்டும். மூடிய பெட்டிக்குள் வைக்க நினைத்தால், கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் அதற்கான துளைகள் அடியில் இருக்க வேண்டும். சிலிண்டரையும் பேட்டரியையும் ஒரே மூடிய பெட்டிக்குள் அடைப்பது எந்த நிலையிலும் வேண்டாம். பேட்டரியின் தீப்பொறி ஒன்றே போதும்.

பக்கவாட்டுச் சாமான் பெட்டிகளைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சி.எச். 751 என்று எண் பொறித்த சாவி உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதே சாவி எண்ணற்ற டிரெய்லர்களின் பெட்டிகளைத் திறக்கும் என்று பொருள். பல தயாரிப்பாளர்கள் பல ஆண்டுகளாக ஒரே சாவியைப் பயன்படுத்தி வருகிறார்கள், எவரும் அதைத் தனியாகவும் வாங்கலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பலர் திகைத்துப்போவதைக் கண்டிருக்கிறேன். தீர்வு எளிது: பூட்டு உருளையின் நீளத்தை அளந்து, வேறு சாவியுள்ள பூட்டுகளை வாங்கி மாற்றிவிடலாம், ஒரு ஸ்பேனரும் சிறிது நேரமும் போதும். பெட்டிக் கதவே மெல்லிய தகடும் நுரையும்தான் என்பதால், விலையுயர்ந்த கருவிகளை அங்கே வைக்காமல் இழுவை வண்டிக்குள் வைப்பதையே நான் விரும்புகிறேன்.

மற்றப் பொருட்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தரையில் விரித்து வைக்கும் சோலார் பேனலின் சட்டத்தில் துளையிட்டு, பிளாஸ்டிக் உறையிட்ட உருக்கு வடத்தால் டிரெய்லரின் சட்டத்தோடு பிணைக்கலாம். இத்தகைய வடம் கம்பி வெட்டும் கருவிக்கு எளிதில் விட்டுக்கொடுக்கும் என்பதால், நாம் அருகில் இருக்கும் பகல் நேரத்துக்கு மட்டுமே அது பொருந்தும், இரவில் பேனலை உள்ளே எடுத்துவிட வேண்டும். ஜெனரேட்டருக்குக் குறைந்தது 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள கடினமாக்கப்பட்ட சங்கிலி வேண்டும், அது புகைபோக்கியைத் தொடக் கூடாது. மின்கம்பியைச் செம்புக்காகவே எடுத்துச் செல்வார்கள். பயன்படுத்தாதபோது சுருட்டி உள்ளே வைத்துவிடுவதே நல்லது. ஸ்டெப்னிக்குத் தனிச்சாவியுள்ள நட்டு ஒன்று போதும், ஆனால் அந்தச் சாவி நடுவழியில் டயர் வெடிக்கும்போது கையில் இருக்க வேண்டும். டிரெய்லரின் எடையை இழுவை வண்டியின் சக்கரங்களுக்கும் பகிரும் கம்பிகளையும் இழுவைக் கொக்கியையும் வண்டியிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் பூட்டும் ஊசி ஒன்றைச் செருகிவிட வேண்டும்.

பூட்டைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சொல். வளையம் முழுவதும் வெளியே தெரியும் பூட்டைவிட, வளையத்தைப் பூட்டின் உடலே மறைத்துக்கொள்ளும் வட்ட வடிவப் பூட்டு மேலானது, ஏனெனில் போல்ட் கட்டரின் வாய் நுழைய அதில் இடமில்லை. பேட்டரியில் ஓடும் கிரைண்டர் எந்தப் பூட்டையும் வெட்டிவிடும்; ஆனால் அது ஓசை எழுப்பும், தீப்பொறி பறக்கும், நேரமெடுக்கும். எல்லாப் பூட்டுகளும் ஒரே சாவியில் திறக்கும் தொகுப்பாக வாங்கினால், சோம்பலினால் பூட்டாமல் விடுவது குறையும். மழையில் நனையும் பூட்டுகளுக்கு எண்ணெய்க்குப் பதில் கிராஃபைட் தூள் போட்டால் தூசி ஒட்டாது.

டிரெய்லரை நிறுத்தும் திசையும் ஒரு பாதுகாப்புதான். முன்சட்டம் சாலையைப் பார்த்து இருப்பதைவிட, ஒரு சுவரை ஒட்டியோ இழுவை வண்டியின் பின்பக்கத்தை ஒட்டியோ இருந்தால், பேட்டரியைத் தூக்குவதற்குக் குனிந்து நிற்க இடமிருக்காது. வேலியோரம் நிறுத்துவதில் மட்டும் எனக்கு ஐயமுண்டு. கம்பி வேலியை வெட்டிக்கொண்டு வருகிறவருக்கு அது மறைவிடமாகிவிடும்.

இடம் காட்டும் கருவி வைக்க நினைப்பவர்கள், அது டிரெய்லரின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்தால் பேட்டரி வெட்டப்பட்ட கணமே செத்துவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தனக்கெனச் சொந்த மின்கலம் உள்ளதாக இருக்க வேண்டும். 2021-இல் வந்த ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்டேக் போன்ற சிறு வில்லைகள் மலிவானவை, ஒரு நாணய மின்கலத்தில் ஏறத்தாழ ஓராண்டு ஓடும். ஆனால் அறிமுகமில்லாத வில்லை ஒன்று கூடவே வருகிறது என்று எடுத்துச் செல்பவரின் தொலைபேசிக்கே அது அறிவித்துவிடும், மூடிய உருக்குப் பெட்டிக்குள் வைத்தால் சமிக்ஞை மங்கும். என்னைப் பொறுத்தவரை அவை முழு டிரெய்லரையும் தேடுவதற்குப் பயன்படும். தனி பேட்டரியைத் தேடுவதற்கு அவ்வளவாக உதவா. அதற்குப் பதில் பேட்டரி, ஜெனரேட்டர், பேனல் ஆகியவற்றின் வரிசை எண்களைப் படமெடுத்து, வாங்கிய ரசீதோடு சேர்த்து வைத்துவிடுங்கள். காப்பீட்டில் வண்டியோடு பிணைக்கப்பட்ட பொருளும் தனியாக எடுத்துச் செல்லும் பொருளும் வெவ்வேறு பிரிவுகளில் வரக்கூடும் என்பதால், எது எதில் வருகிறது என்று முன்கூட்டியே படித்து வைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் பேட்டரி போய்விட்டால், புதியதை மாட்டும் அவசரத்தில் வெட்டுண்ட கம்பிகளை மறந்துவிடக் கூடாது. வெளி மின்சாரம் இணைக்கப்பட்டிருந்தாலும், கூரையில் சோலார் பேனல் இருந்தாலும், இழுவை வண்டியின் மின்செருகி மாட்டப்பட்டிருந்தாலும் அந்த நேர்க்கம்பியில் மின்சாரம் இருக்கும். அது இரும்புச் சட்டத்தைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். எல்லா இணைப்புகளையும் முதலில் துண்டித்து, கம்பி நுனிகளைத் தனித்தனியே நாடா சுற்றி மூடி, காவல் நிலையத்துக்கும் காப்பீட்டுக்கும் வேண்டிய படங்களை எடுத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். புதிய பேட்டரியை மாட்டியதும், முனைகள் மாறி இணைக்கப்பட்டு ஃபியூஸ்கள் ஏதும் போயிருக்கின்றனவா என்று பார்த்து, சக்கரங்களைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி, பிரேக்அவே ஊசியை ஒருமுறை இழுத்துச் சக்கரங்கள் பிடிக்கின்றனவா என்று சோதித்து, ஊசியை உடனே திரும்பச் செருகிவிட்டுப் புறப்படலாம்.