“இரண்டு பேருக்கும் சொந்தம்” எண்டு ஒரு வரி எழுதினா காணாது

திருகோணமலை குச்சவெளிப் பக்கம் கருவாடு போடுற பொம்பிளையள் சங்கம் ஒண்டுக்கு நான் கடிதம், கணக்கு எல்லாம் பாத்துக் குடுக்கிறனான். இப்ப வெளியில இருந்து ஒரு கொம்பனி வந்திருக்கு, வெயில்ல காயவைக்கிற டிறையர் ஒண்டை சங்கத்தோட சேந்து உருவாக்குவமாம். நல்ல விஷயம்தான். ஆனா அனுப்பின அக்ரிமெண்ட்ல “கூட்டாக உருவாகும் அறிவு இரு தரப்புக்கும் சொந்தம்” எண்டு ஒரே ஒரு வரி, அதை மட்டும் நம்பிக் கையெழுத்து வைக்க வேண்டாம் எண்டு அக்காமாருக்குச் சொல்லிப்போட்டன்.

முதல் கேள்வி, கூட்டா உருவானது எது, முதலே இருந்தது எது? சூடை மீனுக்கு எவ்வளவு உப்பு, கட்டா மீனுக்கு எவ்வளவு, கச்சான் காத்து அடிக்கேக்க எத்தினை மணித்தியாலம் விடுறது, எப்ப திருப்பிப் போடுறது, இதெல்லாம் அவையள் அம்மா, அம்மம்மாட்ட இருந்து பழகினது, வேலை தொடங்க முதலே அதை எழுதி இணைப்பாச் சேக்கேல்லை எண்டா நாளைக்கு டிறையரோட சேந்து அதுவும் “கூட்டு அறிவு” ஆயிடும். கொம்பனி கொண்டுவாற டிசைனையும் அப்பிடியே எழுதட்டும், அது அவையின்ர.

அடுத்தது, சொந்தம் எண்டா என்ன செய்யலாம்? எங்கட இலங்கையின்ர 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ரெண்டு பேர் சேந்து கண்டுபிடிச்சா பேற்றன்ற் (கண்டுபிடிப்புக்குப் பதிஞ்சு எடுக்கிற காப்புரிமை) உரிமை ரெண்டு பேருக்கும் கூட்டாத்தான். ஆனா கூட்டுச் சொந்தக்காரர் தனிய என்ன செய்யலாம் எண்டது நாட்டுக்கு நாடு வேற. அமெரிக்காவில வேற ஒப்பந்தம் இல்லாட்டி ஒருத்தர் மற்றவரைக் கேக்காமலே பாவிக்கலாம், விக்கலாம், வாற காசில பங்கும் குடுக்கத் தேவையில்ல. இங்கிலாந்தில தானே பாவிக்கலாம், ஆனா வேற ஆளுக்கு லைசன்ஸ் குடுக்க மற்றவரும் சம்மதிக்கோணும். அப்ப எந்த நாட்டுச் சட்டம் எண்டும் எழுதோணும். பெரிய கொம்பனிக்கு “கேக்காமப் பாவிக்கலாம்” எண்டா லாபம், ஃபக்டரி இருக்கு, மார்க்கெட் இருக்கு. கடற்கரையில பாய் விரிச்சுக் காயப்போடுற ஆக்களுக்கு அந்தச் சம உரிமையால என்ன வரும்? பங்குக் காணி எண்டாலும் எல்லைக்கல்லுப் போட்டுப் பிரிக்கலாம், அறிவை அப்பிடிப் பிரிக்கேலாது.

கேரளாவில அகத்தியமலையில இருக்கிற காணி எண்ட பழங்குடி மக்கள் காட்டிக்குடுத்த ஆரோக்கியப்பச்சை எண்ட மூலிகையை வச்சு திருவனந்தபுரத்து தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் ஜீவனி எண்ட மருந்து செய்து 1995ல ஒரு ஆயுர்வேதக் கொம்பனிக்கு லைசன்ஸ் குடுத்தது, வந்த காசில பாதி காணி மக்களுக்கு எண்டு முடிவாகி 1997ல அதுக்கு ஒரு டிரஸ்டும் வந்தது. பாதிப் பங்கு பெரிய விஷயம், நான் குறைச்சுச் சொல்லேல்ல. ஆனா யாருக்கு லைசன்ஸ் குடுக்கிறது எண்டு முடிவெடுத்தது நிறுவனம்தான். காசில பங்கு வேற, முடிவில பங்கு வேற, இதை நான் சங்கத்தில திரும்பத் திரும்பச் சொல்லுறன், அக்ரிமெண்ட்ல ரெண்டுக்கும் தனித்தனி வரி இருக்கோணும்.

பேற்றன்ற் எடுக்காம ரகசியமா வச்சிருக்கலாம், வெளிவிடாத தகவலுக்கும் அந்தச் சட்டத்தில பாதுகாப்பு இருக்கு, ஆனா கொம்பனிக்காரர் மீற்றிங்ல படம் போட்டுக் காட்டினா முடிஞ்சுது. அதால யார் வெளியிடலாம், எப்ப, யாற்ற பேரைப் போட்டு எண்டும் வேணும்.

பிரிஞ்சு போனா என்ன எண்டதை ஒருத்தரும் கதைக்க விரும்பேல்ல, தொடக்கத்திலயே சண்டையைக் கதைக்கிற மாதிரி இருக்காம். எனக்கு அதுதான் முக்கியம். கொம்பனி வேற ஆளுக்கு வித்துப்போட்டுப் போனாலும் சங்கம் அந்த டிறையரைக் காசு கட்டாமத் தொடந்து பாவிக்கோணும், பிறகு ஒரு தரப்பு அதைத் திருத்தினா அந்தத் திருத்தம் யாருக்கு எண்டதும் தெரியோணும்.

எல்லாத்தையும் தமிழில எழுதி அனுப்பியிருக்கிறம், ரெண்டு மொழிப் பிரதியும் ஒரே அளவு செல்லுபடியாகோணும் எண்டும் கேட்டிருக்கிறம். இணைப்புக்கு அக்காமார் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருக்கிறன், இப்ப பாரை மீனுக்கு வந்திருக்கிறம்.