இறுதிப் பருவத்தின் கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கால அட்டவணையை விரித்து வைத்து, பட்டத்திற்குத் தேவையான 120 கிரெடிட்டுகளை மூன்றாம் முறையாகக் கூட்டிப் பார்த்தபோதுதான், மெய்யியலும் நடப்பு விவகாரங்களும் என்னும் கட்டாயப் பாடத்தை நான் இன்னும் எடுக்கவேயில்லை என்பது தெரிந்தது. முதலாம் ஆண்டிலேயே முடித்திருக்கலாம், சோம்பல்தான் காரணம். ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல் என்பது மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் கணக்கு என்பதால், இந்த இரண்டு கிரெடிட் பாடம் 80 மணி நேரத்தை விழுங்கிவிடும். அதன் வகுப்போ, ஆய்வேட்டு மேற்பார்வையாளரைச் சந்திக்கும் அதே செவ்வாய்க்கிழமைக் காலையில் வந்து விழுந்தது. ரப்பர்ப் பால்மரம் வெட்டிவிட்டு வந்த அம்மா, விரல்களில் காய்ந்திருந்த பாலை உரித்துக்கொண்டே, "யாரு நேரத்த மாத்துவாங்களோ, அவங்ககிட்ட மொதல்ல கேளு" என்றார். மேற்பார்வையாளருக்கு அன்றிரவே எழுதினேன். சந்திப்பு வியாழனுக்கு மாறியது.