கூல்ஸ்கேன் மறுபடி ஓடுகிறது

ஆற்காட்டில் ஒரு கலர் லேப் மூடப்போகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். சுவரோரமாக, பழைய போட்டோ பிரேம்களுக்கு அடியில் ஒரு நிக்கான் கூல்ஸ்கேன், அதாவது பிலிம் நெகடிவ்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஸ்கேனர், கிடந்தது. எல்எஸ்-50 மாடல். "லைட்டு எரியுது சார், கம்ப்யூட்டர்லதான் வர மாட்டேங்குது. வேணும்னா எடுத்துக்கோங்க" என்றார் கடைக்காரர். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரிக்கு வந்து சேர்ந்தேன்.

இதெல்லாம் பெரியப்பாவுக்காக. குடியாத்தத்தில் முப்பது வருஷம் ஸ்டுடியோ நடத்தியவர். கடையை மூடியபோது கேமராக்களை விற்றுவிட்டார். நெகடிவ்களை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை. மூன்று பிஸ்கட் டப்பாக்கள், உள்ளே பட்டர் பேப்பர் உறைகளில் 35 எம்எம் துண்டுகள். வெயில் சூட்டில் அவை வருஷத்துக்கு வருஷம் சுருண்டுகொண்டு வருகின்றன.

ஸ்கேனரைத் துடைத்து கரன்ட் கொடுத்தேன். உள்ளே மோட்டார் நகரும் சத்தம், முன்பக்க விளக்கு சிமிட்டி நின்றது. அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. இந்த வகை ஸ்கேனரில் ட்யூப் லைட் கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம், அகச்சிவப்பு என்று எல்இடிகள் மாறி மாறி எரிய, ஒரு சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கிறது. எல்இடி அவ்வளவு சீக்கிரம் மங்காது. வழியை அடைத்தது டிரைவர்தான், அதாவது ஸ்கேனரையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் மென்பொருள். நிக்கான் ஸ்கேன் என்ற மென்பொருளின் கடைசிப் பதிப்பு 4.0.3, 64 பிட் விண்டோஸுக்கு அதில் டிரைவர் இல்லை. என் லேப்டாப்பில் இருப்பது 64 பிட் விண்டோஸ் 11. செருகியதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்து நின்றது.

நண்பர் ஒருவர் சொன்னபடி, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் விர்ச்சுவல் பாக்ஸில் பழைய 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, அதற்குள் நிக்கான் ஸ்கேனை ஓட்டிப் பார்த்தேன். ஸ்கேனர் தெரிந்தது, ப்ரிவியூ பாதியில் நின்றது. திரும்பத் திரும்ப அதேதான். ஒரு ராத்திரி முழுக்கப் போனது.

அடுத்த ஞாயிறு, அலமாரியில் இருந்த பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டேன். லினக்ஸில் சேன் என்ற ஸ்கேனர் தொகுப்பு உண்டு. அதில் கூல்ஸ்கேன்3 என்ற பகுதி இந்த மாடலைப் பேசவைக்கிறது. யூஎஸ்பி பட்டியலில் இந்த ஸ்கேனரின் அடையாள எண்ணான 04பி0:4001 வந்ததைப் பார்த்ததும் கைதட்டிவிட்டேன். ஸ்கேன் தொடங்கியது. மறுபடியும் பாதியில் நின்றது! ஆனால் இந்த முறை ஒன்றைக் கவனித்தேன்: நிற்கும் இடம் ஒவ்வொரு தடவையும் மாறியது. மென்பொருள் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில் அல்லவா நிற்கும்? ஸ்கேனரோடு வந்த பழுப்பேறிய கேபிளின் சதுர முனையைத் தொட்டுப் பார்த்தேன், ஆடியது. ஆபீசர்ஸ் லைன் கடைத்தெருவில் ஒரு மீட்டர் பிரிண்டர் கேபிள் வாங்கிவந்து, ஹப் எதுவும் இல்லாமல் நேராகச் செருகினேன். அதற்குப் பிறகு ஒரு முறைகூட நிற்கவில்லை. எக்ஸ்பியில் நின்றதற்கும் இந்தக் கேபிள்தான் காரணமாக இருந்திருக்கும். பழைய ஸ்கேனர் வாங்குகிறவர்கள் எந்த டிரைவரையும் தேடுவதற்கு முன் கேபிளை மாற்றிவிடுங்கள்.

ஸ்கேனர் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும், விண்டோஸ் லேப்டாப்பில் வியூஸ்கேன் வாங்கிப் போட்டேன். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள். தன் டிரைவரைத் தானே நிறுவிக்கொள்கிறது, மஞ்சள் முக்கோணம் போய்விட்டது. 4000 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம், ஒரு பிரேம் ஏறத்தாழ 21 மெகாபிக்சல் வருகிறது. 16 பிட் கலரில் சேமித்தால் ஒரு படத்துக்கே 120 எம்பிக்கு மேல். தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் ஒதுக்கிவிட்டேன்.

சரி, முதலில் எந்த உறையை எடுப்பது? "கோட்டை 81" என்று பெரியப்பா பென்சிலில் எழுதியிருந்ததை எடுத்தேன். பல நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாமல் இருந்த வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில், சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வந்து சேர்ந்தது 1981 மார்ச்சில். அந்த நாட்களில் கோட்டைக்குள் திரண்ட கூட்டத்தை ஊட்டியில் தயாரான 'இந்து' என்ற பிலிமில், கருப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார்.

கல்யாண மண்டபத்தில், யாளித் தூணில் சாய்ந்தபடி ஒரு பாட்டி. மடியில் தேங்காய்மூடி. படம் திரையில் வந்தபோது பெரியப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார்.

"இன்னாடா கண்ணு, யாளிக்குப் பல்லே இல்ல?"

உண்மைதான். யாளியின் வாய் மெழுகு உருகியதுபோல வழவழவென்று இருந்தது. பாட்டியின் புடவைக் கரையும் அப்படித்தான், கோடுகள் ஒன்றோடொன்று குழைந்து கிடந்தன. நெகடிவ்வை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் எல்லாமே கூர்மையாக இருக்கிறது.

மென்பொருளில் என்னென்ன போட்டிருக்கிறேன் என்று படித்துக் காட்டினேன். கலர் நெகடிவ் என்றும், அகச்சிவப்பால் தூசி நீக்கு என்றும் விட்டிருந்தேன். கலர் பிலிமில் சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும், தூசியும் கீறலும் மறைக்கும். மறைத்த இடத்தை மென்பொருள் பூசி நிரப்பிவிடும். இதைச் சொன்னதும் பெரியப்பா சட்டென்று, "கருப்பு வெள்ளையில கருப்பா தெரியறதே வெள்ளிதாண்டா. அது எந்த வெளிச்சத்தை விடும்?" என்றார். ஆமாம், படத்தில் இருக்கும் வெள்ளியையே தூசி என்று எண்ணிப் பூசியிருக்கிறது! டார்க் ரூமில் முப்பது வருஷம் நின்றவருக்கு அது ஒரு நொடி வேலை.

கருப்பு வெள்ளை என்று மாற்றி, அகச்சிவப்பை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். பல் ஒவ்வொன்றாக வந்தது. பாட்டியின் மூக்குத்தியில் ஒரு சின்ன ஒளிப்புள்ளிகூடத் தெரிந்தது.

தூசியைக் கையால்தான் விலக்க வேண்டியிருக்கிறது. மின்விசிறியை அணைத்துவிட்டு, ரப்பர் புளோயரால் இரண்டு பக்கமும் ஊதி, பருத்திக் கையுறையோடு செருகுகிறேன். சுருண்ட துண்டுகளை நேராகச் செருகினால் சிக்கிக்கொள்ளும் என்ற பயம் இருப்பதால், நாலு நாள் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்த பிறகுதான் எடுக்கிறேன்.

இதுவரை 140 பிரேம். முதல் டப்பாவில் பாதி. பக்கத்து இருட்டு லேசாகக் கசிந்து வெள்ளை வேட்டிகளின் ஓரத்தில் பரவுவதைப் பார்க்கிறேன். ஸ்கேனருக்குள் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடியில் தூசி படிந்தால் இப்படி ஆகும். அடுத்த வாரம் மூடியைக் கழற்றப்போகிறேன். பெரியப்பா, தானும் வந்து டார்ச் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.