டிரெய்லருக்குப் பதினொரு பலகை

போன மாதம் செடியடியில் பரப்பும் மல்ச் மூட்டைகளை இறக்கும்போது என் வலது கால் டிரெய்லரின் தளப் பலகையை உடைத்துக்கொண்டு முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. சிராய்ப்போடு தப்பித்தேன். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால் மற்ற பலகைகளும் டீயில் ஊறின ரஸ்க் மாதிரிதான் இருந்தன, அதுவும் கீழே இரும்புச் சட்டத்தில் உட்காரும் இடங்களில் சுத்தமாக மக்கியிருந்தது. வருடக்கணக்கில் மழையில் நிறுத்தியது நான்தான், யாரைக் குறை சொல்ல?

சரி, என்ன மரம் போடுவது? பெரிய லாரி டிரெய்லர்களுக்கு அபிடாங் என்ற மரம் போடுகிறார்கள். நம்மூர் பிளைவுட் கடையில் குர்ஜன் என்பார்களே, அதே இனம். இரும்பு மாதிரி இருக்கும், விலையும் அப்படித்தான். புல் வெட்டும் மெஷின் ஏற்றுகிற 5-க்கு 10 அடி வண்டிக்கு அது வேண்டாம். அப்புறம் ஓக். பக்கத்து மர அறுவை மில்லில் ஒருவர் "ஓக் எல்லாம் ஒன்றுதான்" என்றார். இல்லவே இல்லை. வெள்ளை ஓக்கின் துளைகள் அடைபட்டிருக்கும், தண்ணீர் சுலபமாக இறங்காது. சிவப்பு ஓக்கில் ஒரு சின்னத் துண்டின் நுனியைத் தண்ணீரில் வைத்து மறு நுனியில் ஊதினால் குமிழி வரும். அதை மழையில் போட்டால் சீக்கிரமே மக்கிவிடும்.

நான் இருப்பது அமெரிக்காவில் வட கரோலினா, இங்கே எந்தக் கடைக்குப் போனாலும் கிடைப்பது மக்காமல் இருக்க மருந்தேற்றிய சவுத்தர்ன் எல்லோ பைன் மரம். அதையே எடுத்தேன். ஆனால் நுனியில் குத்தியிருக்கும் சீட்டைப் படிக்காமல் எடுக்காதீர்கள். 'கிரவுண்ட் கான்டாக்ட்', அதாவது தரையைத் தொடும் இடத்துக்கானது என்று போட்டிருக்க வேண்டும், அதில்தான் மருந்து அதிகம். டிரெய்லர் தரையைத் தொடாதுதான், ஆனால் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே ஈர மண் தங்கிக்கொண்டே இருக்குமே.

கடையில் முக்கால் மணி நேரம் பலகை பொறுக்கினேன். நுனியைப் பார்த்து, மரத்தின் நடுத்தண்டு உள்ளே வந்திருந்தால் தள்ளி வைத்தேன். அது காயக் காய முறுக்கும், வெடிக்கும். மிச்சத்தை ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்து, வளைந்ததையும் கழித்தேன். அடுக்கில் பாதியை நான் கலைத்துப் போட்டதை அங்கே வேலை செய்கிற பையன் முறைத்துக்கொண்டே நின்றான். எடுத்ததையெல்லாம் திரும்ப அடுக்கிவிட்டுத்தான் வந்தேன்.

கணக்கு இப்படி: உள் அகலம் 60 இஞ்ச். நான் எடுத்த பலகைக்கு டூ பை சிக்ஸ் (2-க்கு 6 இஞ்ச்) என்று பெயர்தான், நிஜ அளவு ஒன்றரைக்கு ஐந்தரை. பத்துப் பலகை 55 இஞ்ச், பதினொன்றாவதில் அரை இஞ்ச் சீவினால் சரியாக உட்காரும். இடைவெளியே விடவில்லை. கடையிலிருந்து வரும்போது பலகை ஈரத்தில் கனக்கும், காய்ந்து சுருங்கும்போது இடுக்கு தானாக விழும். முதல் தடவை நான் கால் இஞ்ச் விட்டு அடித்து, பிறகு ஜல்லியெல்லாம் ஹைவேயில் சிந்திக்கொண்டே போனது தனிக் கதை.

இன்னொன்று, இப்போது மரத்துக்கு ஏற்றுவது தாமிர மருந்து, அது வெறும் இரும்பை அரிக்கும். அதனால் சட்டத்தைத் துரு சுரண்டி பெயின்ட் அடித்துவிட்டு, ஸ்க்ரூவும் அதற்கென்று பூச்சு போட்டதாகவே வாங்கினேன்.

சீவி எடுத்த பத்தடிக் குச்சி கராஜில் சாய்ந்து நிற்கிறது. கொல்லையில் தீ மூட்டும்போது போடலாமா என்று பையன் கேட்கிறான். மருந்து மரத்தை எரிக்கக் கூடாது, குப்பை வண்டி வரும்வரை அங்கேயே நிற்கட்டும்.