தம்பி எக்செலில் திறக்கும் கோப்பு

மலேசியாவில் பகாவ் பக்கம் என் சின்னம்மா மகன் ரேம்ப் வைத்திருக்கிறான், சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலையை எடைபோட்டு வாங்கும் இடம். எடைச் சீட்டு அச்சடிக்கும் நிரல் நான் எழுதிக் கொடுத்தது. சிறுதோட்டக்காரர் எண், அவருக்கான டன் விலை எல்லாம் ஒரே சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு), பகிர்ந்த கோப்புறையில். நான் நிரல் எழுதும் எடிட்டரான வி.எஸ். கோடில் அது திறந்தே கிடக்கும். காலையில் எம்.பி.ஓ.பி. (மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம்) விலையைப் பார்த்துவிட்டு, தம்பி அதே கோப்பை எக்செலில் திறந்து திருத்துவான்.

நான் பாதி திருத்தியிருக்கும்போது அவன் சேமித்துவிட்டால் பயமில்லை. நான் சேமிக்கப் போனதும், வட்டில் இருப்பது புதியது என்று எடிட்டர் தடுத்துவிடும். ஒப்பிடு, மேலெழுது என்று இரண்டு பொத்தான். மேலெழுதினால் அவன் போட்ட விலை போச்சு. ஒப்பிட்டால் இடப்பக்கம் வட்டில் இருப்பது, வலப்பக்கம் என்னுடையது. பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் எதையும் தொடாமல் இருக்கும் நேரம்தான் தொல்லை. அப்போது எடிட்டர் ஒரு வார்த்தை கேட்காது. புதியதைச் சத்தமில்லாமல் ஏற்றிக்கொள்ளும். போன வாரம் திரும்பிப் பார்க்கிறேன், 0071 என்றிருந்த தோட்டக்காரர் 71 ஆகிக் கிடக்கிறார். எக்செல் அதை வெறும் எண்ணாக நினைத்து முன்னால் இருக்கும் சுழியத்தை உதிர்த்துவிடும், அது பழைய கதை. தம்பி மாற்றியது ஒரே ஒரு விலை. கோப்பின் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் கிட்டில் வேறுபாட்டைப் பார்த்தால் பாதிக் கோப்பு சிவப்பு.

"நான் விலைய மட்டும்தான் மாத்தினேன் அண்ணே" என்றான். உண்மைதான்.

இந்த விஷயத்தில் எனக்கு விம் என்ற இன்னொரு எடிட்டர் பிடிக்கும். தானாக ஏற்றிக்கொள்ளச் சொல்லும் 'ஆட்டோரீட்' அமைப்பைப் போடாதவரை, கோப்பு வெளியே மாறியிருக்கிறது, ஏற்றவா வேண்டாமா என்று கேட்கும். ஆனால் அதுவாக ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்காது; 'செக்டைம்' கட்டளை கொடுத்தால் அந்த நொடியே பார்க்கும். நச்சரிப்பு என்பார்கள். இருக்கட்டும், பணம் பட்டுவாடா செய்யும் கோப்பு கொஞ்சம் நச்சரிக்கத்தான் வேண்டும்.

தம்பியிடம் எக்செலை விடச் சொல்ல முடியாது, அவனுக்குத் தெரிந்தது அதுதான். அதனால் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து எல்71 மாதிரி ஆக்கிவிட்டேன். எக்செல் இனி அதைத் தொடாது. அடுத்தது தேதிக் கட்டம். அதையும் எக்செல் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதுகிறது, அதற்கு இன்னும் வழி பார்க்கவில்லை.