நாகம்மாள் கேட்ட பங்கு

எங்கள் வாசிப்பு வட்டத்தில் சென்ற மாதம் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலை எடுத்துக்கொண்டோம். ஈரோட்டில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில், மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடுவது எங்கள் வழக்கம். அன்று ஒன்பது பேர் வந்திருந்தோம். 1942-இல் வெளிவந்த இந்த நாவல் அளவில் சிறியது. தமிழின் முதல் வட்டார நாவல் என்று விமர்சகர்கள் பலரும் இதைச் சுட்டுவதுண்டு. கீரனூரில் பிறந்த ஆசிரியர் இதை எழுதியபோது இருபதுகளில்தான் இருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கணவனை இழந்த நாகம்மாள், தன் சிறு மகளுடன், கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயி ஆகியோரோடு ஒரே குடும்பமாக வாழ்கிறாள். ஊரில் முரடன் என்று பெயரெடுத்த கெட்டியப்பனோடு அவளுக்கு உறவு ஏற்படுகிறது. தன் கணவனுக்குரிய நிலத்தைப் பிரித்துத் தரும்படி கேட்கத் தொடங்குகிறாள். சின்னப்பனைப் பிடிக்காத சிலரும் அவளைத் தூண்டிவிடுகிறார்கள். பகை முற்றி, இறுதியில் சின்னப்பன் கொலையுண்டு போகிறான்.

முதல் ஒரு மணி நேரம் பேச்சு முழுவதும் நாகம்மாளுக்கு எதிராகவே இருந்தது. ஒன்றாக இருந்த குடும்பத்தைப் பேராசையால் குலைத்தவள், ஆண் துணையின் பேச்சைக் கேட்டு உழைப்பாளியான ஒருவனின் சாவுக்குக் காரணமானவள் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு முதல் முறை படித்தபோது என் எண்ணமும் அதுவாகவே இருந்ததால், நானும் மறுக்கவில்லை.

பேச்சின் போக்கு மாறியது ஒரு சிறிய ஐயத்தினால்தான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ‘காட்டுக்குப் போவது’ என்று படித்தபோதெல்லாம் வனத்தை மனத்தில் வைத்துக்கொண்டதாகச் சொன்னார். கொங்கு நாட்டில் காடு என்றால் மழையை நம்பிய மேட்டு நிலம். தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம். எங்களில் மூத்தவரான எழுபது வயது அக்கா இதை விளக்கிவிட்டு, புத்தகத்தைக் கையில் வாங்கி, உரையாடல்களை மட்டும் உரக்கப் படித்துக் காட்டினார். கதை சொல்லும் நடையைப் பொதுத் தமிழில் வைத்துவிட்டு, மாந்தர் வாயில் கொங்குப் பேச்சையே வைத்திருக்கிறார் ஆசிரியர். கண்ணால் படிக்கும்போது தடுக்கிய சொற்கள் அவர் குரலில் இழுத்தும் நிறுத்தியும் ஒலித்தபோது, நாகம்மாளின் வாயாடித்தனம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த பேச்சின் அடியில் ஓர் அச்சம் கேட்டது. அது எனக்கு மட்டும் கேட்டதன்று. படித்து முடித்தபின் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

அதன் பிறகுதான், பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், அவள் கேட்ட பங்கு அந்தக் காலத்தில் அவளுக்குச் சட்டப்படி உண்டா என்று நாம் யோசித்தோமா என்று கேட்டார். தம் பையிலிருந்த தாளில் ஆண்டுகளை வரிசையாக எழுதி எல்லோருக்கும் காட்டினார். கூட்டுக் குடும்பத்தில் கணவன் பாகம் பிரியாமலும் ஆண் வாரிசு இல்லாமலும் இறந்தால், அவன் பங்கு சகோதரனிடம் போய்ச் சேரும். விதவைக்கு ஜீவனாம்சம் மட்டுமே. இதை மாற்றத்தான் 1937-இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. அது கணவனுடைய உரிமையை விதவைக்கு அவள் ஆயுள் வரையிலாவது கொடுத்தது. பாகம் பிரிக்கக் கேட்கும் உரிமையையும் கொடுத்தது. ஆனால் அந்தச் சட்டம் மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. சென்னை மாகாணத்தில் விவசாய நிலத்துக்கும் அதை நீட்டிக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது. வரம்பில்லாத முழு உரிமை 1956-இல் வந்தது.

நாவல் வெளிவந்த 1942 இந்த இடைவெளியின் நடுவில் விழுகிறது. வீடோ பணமோ என்றால் கேட்கலாம், பூமியைக் கேட்க முடியாது என்ற நிலை. குடும்பத்தின் உடைமையே பூமிதான் என்றிருக்கும் ஒரு குடியானவப் பெண்ணுக்கு அந்த உரிமை எதற்குப் பயன்படும்? நீதிமன்றம் போக வழியில்லாதவள் தனக்காகத் தடியெடுக்கக்கூடிய ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொண்டதை இப்போது வெறும் மோகம் என்று என்னால் படிக்க முடியவில்லை. ஆசிரியர் இதையெல்லாம் கணக்கிட்டு எழுதினார் என்று நான் வாதாட மாட்டேன். தம் கண்ணெதிரில் இருந்த வாழ்க்கையை, தீர்ப்புச் சொல்லாமல் அவர் எழுதினார். அதனாலேயே அவர் சொல்லாத காரணமும் அதற்குள் வந்து அமர்ந்திருக்கிறது.

இதைச் சொன்னவுடன் பேச்சு மறுகோடிக்குப் போய், நாகம்மாளைப் போராளியாக்கும் முயற்சியும் நடந்தது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. சின்னப்பன் அவளை வஞ்சித்தவன் அல்லன்; அவன் அறிந்த முறைமையில் குடும்பம் பிரிவதுதான் அநியாயம், அண்ணன் மனைவிக்கும் குழந்தைக்கும் சோறு போடுவது கடமை. அந்த முறைமைக்கு உண்மையாக இருந்ததற்காக அவன் உயிரை விடுகிறான். ராமாயி இழந்ததைப் பற்றி அன்று நாங்கள் போதிய அளவு பேசவில்லை என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது. நாகம்மாளுக்குப் பங்கு கிடைக்காத அதே சட்டத்தின் கீழ், இப்போது அவளும் ஒரு விதவை.

கலையும் நேரத்தில், கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி பத்திர எழுத்தர் ஐயாவிடம், “உங்க அப்பாவும் பத்திரம் எழுதினவர்னு சொன்னீங்களே, நாகம்மாள் அப்ப அவர்கிட்ட வந்திருந்தா என்ன செஞ்சிருப்பாருங்க?” என்று கேட்டாள். அவர் அந்தத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஜீவனாம்சத்துக்கு மனு எழுதிக் குடுத்திருப்பாரு அம்மிணி. பூமிக்கு எழுத முடியாதுன்னு சொல்லி அனுப்பியிருப்பாரு.”